டன்லப் ஸ்டாப்பிங்கில் ஒரு மலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரில் ஒரு மலையைக் கண்டுபிடித்தோம்.

சிரிக்காதீர்கள். சி.டி.எச். ரோட்டில், டன்லப் ஸ்டாப்பிங்கைத் தாண்டி, பிரியாணிக் கடைக்கும் டூவீலர் ஒர்க்ஷாப்புக்கும் நடுவில் இருந்தது. மூன்று மாடி உயரம். நான் நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போய் அதில் ஏறி, அந்தரத்தில் பறந்து, மூன்று குட்டிக்கரணம் அடித்து, தலைகுப்புற விழுந்தேன். காயம் எதுவும் இல்லை. கையில் இருந்த காபி மட்டும் லுங்கியில் கொட்டியது.

ஓட்டியது கம்ப்யூட்டரில். ஓட்டச் சொன்னது என் அக்கா பையன்.

இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். செமஸ்டர் லீவுக்கு மாமா வீட்டுக்கு வந்தவன், வந்த நாளிலிருந்து லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கவில்லை. 'படிக்கிறான் போலிருக்கு' என்று என் மனைவி வேளாவேளைக்கு ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் எட்டிப் பார்த்தேன்.

"என்னடா இது?"

"ரேஸ் கேம் மாமா. டிராக் நானே பண்றேன். நம்ம ரோடு. அம்பத்தூர்ல ஸ்டார்ட். திருமுல்லைவாயல், ஆவடி, அங்கேர்ந்து பூந்தமல்லி. அப்புறம் வேலப்பன்சாவடி, மதுரவாயல், பைபாஸ் ஏறி திரும்ப அம்பத்தூர். முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஜெர்மனியில நூர்பர்க்ரிங்னு ஒரு பழைய டிராக் இருக்கு. உலகமே அதைப் பார்த்து நடுங்குது. அதுவே 20.8 கிலோமீட்டர்தான்."

அம்பத்தூர் - ஆவடி ரோட்டைப் பார்த்து நடுங்காதவன் யார் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

நம்ம பக்கத்துக்கு ரேஸ் ஒன்றும் புதிதில்லை. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பல வருஷம் கார் ரேஸ் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அசல் டிராக் வந்தது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ஹைவேயில் போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால். 3.717 கிலோமீட்டர். நாம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நல்ல தூக்கத்தில் இருப்பதால் கவனித்திருக்க மாட்டோம்.

என் ரேஸ் அனுபவமெல்லாம் ரோடு ராஷ். ஸ்கூல் படிக்கும்போது, கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் அழுது, பைக்கில் போகிறவனை எட்டி உதைத்துத் தள்ளியிருக்கிறேன். அதில் வரும் ரோடெல்லாம் கலிஃபோர்னியா என்று போட்டிருக்கும். பெயர்தான் கலிஃபோர்னியா. மேடு பள்ளமெல்லாம் வரைந்தவர் கற்பனை. நமக்கு என்ன தெரியும்? அமெரிக்காவில் அப்படித்தான் இருக்கும் போல என்று நம்பி உதைத்தோம்.

இப்போது அந்தக் கதை நடக்காதாம். நிஜ டிராக்கை நிஜமாகவே அளந்து போட வேண்டும். மேடு ஏறும்போது பிரேக் சீக்கிரம் பிடிக்கும், இறங்கும்போது இழுத்துக்கொண்டு போகும். மேட்டின் உச்சியில் வண்டியின் கனம் ஒரு விநாடி குறைந்து, டயர் ரோட்டைக் கைவிடும். ஓட்டுகிறவனுக்கு வளைவைவிட உயரம்தான் எமன். நூர்பர்க்ரிங்கில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் என்ற இடத்தில் 174 மீட்டர். இதையெல்லாம் தட்டையாகப் போட்டுவிட்டு 'இதுதான் பாதர்ஸ்ட்' என்றால் ஓட்டுகிறவன் சிரிப்பான். அதனால் பெரிய கம்பெனிகள் லேசர் கருவியைக் கொண்டுபோய் டிராக்கை அங்குலம் அங்குலமாக அளக்கின்றன. 2008-ல் வந்த ஐரேசிங், 2014-ல் வந்த அசெட்டோ கோர்சா எல்லாம் அந்த ஜாதி. ரோட்டில் ஒரு ஒட்டு இருந்தால் கேமிலும் அந்த ஒட்டு இருக்கும்.

"நாம லேசருக்கு எங்கடா போறது?"

"லேசர் எதுக்கு மாமா? ஆகாசத்திலேர்ந்து அளந்து சும்மா குடுத்திருக்காங்க."

* * *

அது ஒரு நல்ல கதை.

2000-ம் வருஷம் பிப்ரவரியில் எண்டெவர் என்ற அமெரிக்க விண்கலம் ஆறு பேரோடு மேலே போனது. வயிற்றில் ஒரு ராடார். பக்கவாட்டில் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பத்தை நீட்டி, அதன் நுனியில் இன்னொரு ராடார் வாங்கி. நமக்கு இரண்டு கண் எதற்கு? தூரம் தெரிய. அதே வேலைதான். ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் பார்த்தால் அதன் உயரம் தெரிந்துவிடும். பதினோரு நாளில் உலகத்தின் நிலப்பரப்பில் சுமார் எண்பது சதவீதத்தை அளந்து முடித்தார்கள். எனக்கு ஆதார் கார்டில் அட்ரஸ் மாற்ற அதைவிட அதிக நாள் ஆனது.

அளந்ததைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் அமெரிக்காவுக்கு மட்டும் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, மற்ற ஊர்களுக்கு 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று பந்தியில் வஞ்சனை. 2014-ல்தான் மனசு இளகி, எல்லோருக்கும் 30 மீட்டர் என்று அறிவித்தார்கள்.

நம் சதுரத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் ஏரி, அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா எல்லாம் அடக்கம். பாதிக்கு மேல் வங்காள விரிகுடா. வரிசைக்கு 3,601 புள்ளி, அப்படி 3,601 வரிசை. பெருக்கிப் பார்த்தேன். 1 கோடியே 29 லட்சத்து 67 ஆயிரத்து 201. நான் பி.காம். எண்களைப் பார்த்தால் கூட்டியோ பெருக்கியோ பார்க்காமல் தூக்கம் வராது.

ரோடு எங்கே போகிறது என்பது இன்னொரு இலவச வரைபடத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டை இந்த உயரத்தின் மேல் படுக்க வைக்க வேண்டும். இரண்டு புள்ளிக்கு நடுவில் ரோடு வந்தால் விகிதாசாரக் கணக்கு. 20-க்கும் 22-க்கும் நடுவில் 21. பார்ட்னர்ஷிப் கணக்கில் லாபம் பிரிப்பது மாதிரி. இதெல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பையன் படுக்க வைத்தான். என்னை ஓட்டச் சொன்னான். டன்லப்பில் மலை வந்தது.

* * *

மலை எப்படி வந்தது?

ராடாருக்கு ரோடு எது, மொட்டை மாடி எது என்று தெரியாது. மேலிருந்து பார்க்கும்போது முதலில் எது தட்டுப்படுகிறதோ, அதுதான் அதற்குத் தரை. தூங்குமூஞ்சி மரமா, ஃபாக்டரி கூரையா, எல்லாம் தரை. ரோடு நாற்பதடி அகலம். புள்ளி 30 மீட்டருக்கு ஒன்று, அதாவது நூறடி. பக்கத்தில் பெரிய கட்டடம் இருந்தால் அதன் உயரத்தில் கொஞ்சம் ரோட்டின் தலையில் ஏறிவிடும். அதுதான் நான் குட்டிக்கரணம் அடித்த மலை.

அதோடு போகவில்லை. பைபாஸைக் காணோம். கார் மதுரவாயல் தாண்டியதும் வயல்காட்டில் ஓடுகிற மாதிரி தடக் தடக் என்று போனது. பையன் முழித்தான். எனக்குப் பொறி தட்டியது.

"டேய், அளந்தது எந்த வருஷம்னே?"

"2000."

"மதுரவாயலுக்கு இந்தப் பக்கம் பைபாஸே அப்புறம்தாண்டா வந்தது!"

பேலன்ஸ் ஷீட்டில் முதல் பாடம் இது. தலைப்பில் 'மார்ச் 31-ம் தேதி நிலவரப்படி' என்று போட்டிருக்கும். அந்தத் தேதியைப் படிக்காமல் கீழே உள்ள எண்ணைப் படிக்கிறவன் மோசம் போவான். பூமிக்கும் தேதி உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது சங்கடம்தான் பெரிய சங்கடம். நம் ஊரே தட்டை. எவ்வளவு தட்டை என்று சொல்கிறேன். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் கடல் மட்டத்திலிருந்து 85.40 அடி. புழல் ஏரிக்கு 50.20 அடி. இரண்டுக்கும் நடுவில் சுமார் 20 கிலோமீட்டர். வித்தியாசம் 35 அடி, மீட்டரில் பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் கிலோமீட்டருக்குச் சரிவு அரை மீட்டர். ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே இறங்குகிறோம். ரேஸ் கார் என்ன, தும்பைப்பூவை வைத்தால்கூட உருளாது.

அந்த ராடார் கணக்குக்கு அவர்கள் வைத்துக்கொண்ட எல்லை என்ன தெரியுமா? உயரத்தில் 16 மீட்டர் வரை முன்பின் இருக்கலாம். நிஜத்தில் அதைவிட நன்றாகவே வந்திருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். நம் ஊரின் மொத்த மேடு பள்ளமே அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு உயரத்தை முழு மீட்டராகத்தான் எழுதுகிறார்கள். 19, 20, 21. தசமம் கிடையாது. அரை மீட்டர் சரிவெல்லாம் ரவுண்டிங் ஆஃப்!

பைசாவை விட்டுவிட்டு ரூபாயை மட்டும் எழுதுகிற கணக்கப்பிள்ளை, கொல்லிமலை மாதிரி எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள இடத்துக்கு லாயக்கு. அங்கே கோடிக்கணக்கில் வரவு செலவு. அம்பத்தூர் பொட்டிக்கடை. இங்கே பைசாவில்தான் வியாபாரமே.

நம் நாட்டு செயற்கைக்கோளும் இருக்கிறது. 2005 மே 5-ம் தேதி, அதே சதுரத்தில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கார்ட்டோசாட்-1. முன்னால் பார்க்க ஒரு கேமரா, பின்னால் பார்க்க ஒரு கேமரா. அந்த உயரக் கணக்கை இஸ்ரோவின் புவன் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். அருமையான வேலை. ஆனால் அதற்கும் சில மீட்டர் முன்பின் உண்டு. அதுவும் மாடியைத்தான் தரை என்கிறது.

இதில் வேடிக்கை, பூமியை அளக்கிற பைத்தியமே நம்ம ஏரியாவில்தான் பெரிதாகப் பிடித்தது. பூந்தமல்லியிலிருந்து மவுண்ட் ரோட்டில் போனால் வருமே பரங்கிமலை, அங்கேதான் 1802 ஏப்ரல் 10-ம் தேதி லாம்டன் என்ற வெள்ளைக்காரர் நூறடிச் சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் தூரத்துக்கு ஒரு நேர்கோடு அளக்க ஆரம்பித்தார். அந்தக் கோட்டை வைத்து ஒரு முக்கோணம், அதன் முதுகில் இன்னொரு முக்கோணம் என்று இந்தியா முழுக்கப் போய், கடைசியில் 1856-ல் எவரெஸ்ட் 29,002 அடி என்று சொன்னார்கள். இமயமலையை அளக்கப் பிள்ளையார் சுழி போட்ட ஊரில், டன்லப் ஸ்டாப்பிங்கை அளக்க முடியாமல் நாங்கள் இரண்டு பேர்.

* * *

பையன் விடவில்லை. "ஸ்மூத் பண்ணிடலாம் மாமா" என்றான். ரோட்டின் மேல் முன்னால் பத்து புள்ளி, பின்னால் பத்து புள்ளி எடுத்து சராசரி. ஒரு புள்ளி நகர்ந்து மறுபடி சராசரி.

"அடப்பாவி, இது மூவிங் ஆவரேஜ்! பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல பதினஞ்சு மார்க் கேள்வி!"

பி.காம். படித்தது முதல் முறையாக ஒரு இன்ஜினீயர் முன்னால் உதவியது. என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஹார்லிக்ஸை அவனுக்குத்தான் கொடுத்தாள்.

மலை கரைந்தது. ரோடு வழவழவென்று ஆனது. ஆனால் அக்கம்பக்கத்துத் தரை பழைய உயரத்திலேயே நின்றது. சில இடத்தில் ரோடு மண்ணுக்குள் புதைந்துகொண்டது. சில இடத்தில் அந்தரத்தில் தொங்கியது.

"அது ஈஸி மாமா. ரோடு எந்த உயரமோ, பக்கத்துத் தரையை அதுக்கேத்த மாதிரி தூக்கிடணும். இல்லேன்னா ரோட்டைத் தூக்கிட்டு, ஓரத்தைச் சரிச்சு விட்டுடணும். யார் பார்க்கப் போறாங்க?"

எனக்குச் சுருக்கென்றது.

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு ஒரு காலத்தில் ரோட்டிலிருந்து மூன்று படி ஏற வேண்டுமாம். ஹவுஸ் ஓனர் பெருமையாகச் சொல்வார். இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். வீடு இறங்கவில்லை. ரோடு ஏறிவிட்டது. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று. ஊத்தப்பத்தின் மேல் ஊத்தப்பம். 2021-ல் அரசாங்கமே, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று உத்தரவு போடும் அளவுக்குப் போனது. எங்கள் தெருவுக்கு ஞானம் வருவதற்குள் இரண்டு படி போய்விட்டது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்களே, அதே மழையில் எங்கள் தெருத் தண்ணீரும் போக வழி தெரியாமல் உள்ளே வந்தது. ஃப்ரிட்ஜ் மிதந்ததைக் கண்ணால் பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி வந்தது. அந்த முறை ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றியிருந்தோம். அனுபவம்!

அதனால்தான் சொந்தமாக ஒரு மனை வாங்குவது என்று முடிவு செய்திருந்தோம். அரை கிரவுண்டு. ஆவடி - பூந்தமல்லி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். "நல்ல மேட்டு நிலம் சார். தண்ணிங்கிற பேச்சே கிடையாது" என்று சொல்லி, மனை விற்கிறவர் பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, ஒரு சின்ன சாமி காலண்டரும் கொடுத்திருந்தார். மீதிக்கு பேங்க் லோன். இருபது வருஷத் தவணை.

"டேய், நம்ம மனை வழியா டிராக் போகுதா?"

"பக்கத்துல போகுது மாமா."

"அங்கே உயரம் எவ்வளவுன்னு பாரு."

எண்களைக் கொட்டினான். மற்ற இடத்தில் எல்லாம் 21, 24, 20, 26, 22 என்று ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எங்கள் மனை இருந்த இடத்தில் மட்டும் 19, 19, 19, 19, 19. அடுத்த வரிசையிலும் 19. அதற்கடுத்தும்.

"பார்த்தீங்களா மாமா, சூப்பர் ஸ்மூத். இங்கே நான் ஒண்ணுமே பண்ண வேண்டியதில்லை."

அவன் சந்தோஷப்பட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் பில் அடுக்கியிருக்கிறேன். அவர் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம்: நிஜ வியாபாரம் என்றால் திங்கள் ஒரு தொகை, செவ்வாய் ஒரு தொகை வரும். தினமும் ஒரே தொகை காட்டுகிற கணக்கு, நடந்த கணக்கு இல்லை. யாரோ உட்கார்ந்து எழுதின கணக்கு. ராடாருக்கு இவ்வளவு பிழை உண்டு என்றால், நூறு புள்ளி தொடர்ந்து ஒரே மாதிரி எப்படி வரும்? இதை யார் எழுதியது? எதற்காக எழுதினார்கள்?

பையன் தேடிப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"மாமா... ராடாருக்குத் தண்ணி ஆகாதாம். அனுப்பின அலை சரியா திரும்பி வராது. அதனால பெரிய ஏரியெல்லாம் வந்தா, கரையைப் பார்த்துட்டு, உள்ளே மொத்தத்துக்கும் ஒரே உயரம்னு அவங்களே போட்டுடுவாங்களாம்."

"அப்படின்னா?"

"2000-ம் வருஷம் பிப்ரவரியில, உங்க மனை மேல தண்ணி நின்னிருக்கு."

ஆவடியில் டேங்க் என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, அங்கே ஃபாக்டரியில் தயாராகிறது. இன்னொன்று, நம் முன்னோர் வெட்டியது. நான் இரண்டாவது டேங்கில் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன்.

* * *

ஆனால் முப்பது மீட்டர் புள்ளியை வைத்துக்கொண்டு ஒருத்தர் மேல் பழி போடக்கூடாது. கரை ஒரு புள்ளி தள்ளியிருந்தால் நம் மனை தப்பிக்கும். அவர் கொடுத்த ஜெராக்ஸில் பட்டா நிலம் என்றுதான் இருந்தது. பட்டா நிலமாகவே இருக்கட்டும். தண்ணீருக்குப் பட்டா படிக்கத் தெரியாதே. அளந்துதான் பார்க்க வேண்டும். லேசர் இல்லை. செயற்கைக்கோள் உதவாது.

தெருமுனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மேஸ்திரியிடம் கேட்டேன். சிரித்தார்.

"இதுக்கு எதுக்கு சார் சேட்டிலைட்டு? டியூப்பு இருக்குல்ல?"

ஐம்பதடி பிளாஸ்டிக் டியூப். உள்ளே தண்ணீர். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, நடுவில் எத்தனை மேடு பள்ளம் இருந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கே ஒரு கோடு, இங்கே ஒரு கோடு. தரையிலிருந்து கோடு வரை டேப் வைத்துக் கழித்தால் உயர வித்தியாசம். அரை அங்குலம் தப்பாது. பஸ்ஸில் மூன்று பேருமாகப் போனோம். காடுவெட்டி கூவம் பாலத்தைக் கடக்கும்போது மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கேர்ந்து சார் அளக்கணும்?" என்றார்.

"ரோட்டிலேர்ந்து" என்றேன்.

"ரோட்டை எவன் வேணா ஏத்துவான். கலங்கல்லேர்ந்து அளங்க."

அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு டாக்டர் பட்டம் தரலாம். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கல் கட்டுதான் கலங்கல். ஏரியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்று தீர்மானித்துக் கட்டியது. அம்பத்தூர் ஏரி வழிந்தால் கொரட்டூர் ஏரி, அது வழிந்தால் அதற்கடுத்தது என்று ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குப் போகும்படி சங்கிலியாக வைத்திருக்கிறார்கள். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிகிற தரையில்! விண்கலம் ரவுண்டிங் ஆஃப் செய்து விட்டுவிட்ட அந்தப் பைசாவில்தான் அவர்கள் ஊரையே நடத்தியிருக்கிறார்கள்.

கலங்கல் புதருக்குள் இருந்தது. பிளாஸ்டிக் கவர்களை விலக்கி அதன் தலையில் டியூப்பை வைத்தோம். அங்கிருந்து மனை நாநூறு அடி. எட்டுத் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் பையன் லேப்டாப்பில் எழுத, நான் சிகரெட் அட்டையின் பின்னால் எழுதினேன். கடைசியில் கூட்டிக் கழித்தோம். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனது.

மனை, கலங்கலைவிட இரண்டரை அடி கீழே.

அதாவது, ஏரி நிரம்பி ஒரு சொட்டுகூட வழிவதற்கு முன்னாலேயே என் ஹாலில் இரண்டரை அடித் தண்ணீர் நிற்கும். வெள்ளமில்லை, புயலில்லை. ஏரி ஒழுங்காக நிரம்பினாலே போதும்.

மனை விற்கிறவருக்கு போன் போட்டேன். அவர் பதறவே இல்லை.

"அதனால என்ன சார்? எல்லாரும் பண்றதுதான். அம்பது லோடு மண்ணடிச்சுட்டு வீட்டைக் கட்டுங்க. உங்க வீடு மேட்டுல நிக்கும்."

"தண்ணி?"

"அது பக்கத்து மனைக்குப் போயிடும் சார்."

பக்கத்தில் நின்ற பையன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. "மாமா, இதைத்தானே நானும் பண்ணேன். ரோட்டுக்கேத்த மாதிரி தரையைத் தூக்கிடலாம்னு..."

"உன் டிராக்ல மழை பெய்யாதுடா. தூக்கலாம், தப்பில்லை" என்றேன். கிரேட்டர் நொய்டாவில் புத்தா சர்க்யூட் கட்டும்போது, தட்டை நிலத்தில் மேடு வேண்டும் என்று மண்ணைக் குவித்துத்தான் ஏற்ற இறக்கம் செய்தார்கள். அங்கே முதல் ஃபார்முலா ஒன் ரேஸ் நடந்தது 2011 அக்டோபர் 30. அதற்கு ஒரு மாதம் முன்பே அந்த டிராக் வீடியோ கேமில் வந்துவிட்டது. ரேஸுக்காக மேட்டைக் கட்டலாம். அந்த மேட்டின் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் சேர்த்து வரைந்தவன்தான் இன்ஜினீயர். வரையாதவன் மண் லாரி ஓனர்.

* * *

அட்வான்ஸ் திரும்ப வரவில்லை. "அதெல்லாம் கொடுக்கற பழக்கம் இல்ல சார்" என்றார். காலண்டரைத் திருப்பிக் கேட்காதவரை சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல ஒரு மணி நேரம் தைரியம் சேர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருபது வருஷம் தவணை கட்டி, வருஷா வருஷம் ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல ஏத்தறதுக்கு இது தேவலாம்" என்றாள். பிறகு பையனைப் பார்த்து, "தம்பி, அடுத்த மனை பார்க்கும்போது நீயும் வாப்பா. அந்த மேஸ்திரியையும் கூட்டிட்டு வா" என்றாள். என்னைக் கூப்பிடவில்லை. மேஸ்திரிக்கு எண்ணூறு ரூபாயும், டன்லப் மலையடிவாரத்தில் ஒரு மட்டன் பிரியாணியும் கொடுத்தேன்.

பையன் டிராக்கை முடித்துவிட்டான். நேற்று அனுப்பியிருந்தான். மலை இல்லை. பைபாஸைக் கையாலேயே உயர்த்தியிருக்கிறான். ஆவடி - பூந்தமல்லி ரோட்டில் ஓரிடத்தில் மட்டும், நல்ல வேகத்தில் வருகிறவர்கள் எதிர்பார்க்காத இடத்தில், இரண்டரை அடி பள்ளம் வைத்து அதில் தண்ணீரும் விட்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு சின்ன போர்டு: 'மாமா மனை'. ஒவ்வொரு முறையும் என் கார் அங்கேதான் நிற்கிறது.

வருஷக் கணக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பத்தாயிரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் பிரச்னை. நஷ்டம் என்று எழுத மனசு வரவில்லை. கல்விச் செலவு என்று எழுதியிருக்கிறேன்.

பைசா சுத்தமாக.